உறைக்குள் சிரித்த எருமை

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், என் வகுப்பில் உறை போடாத புத்தகத்தோடு யாரும் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழுப்பி நிறுத்திவிடுவேன். பாளையங்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பல வருடம் ஓட்டிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னிடம் எந்தப் பிள்ளையின் சாக்கும் எடுபட்டதில்லை. பிரவுன் ஷீட்டின் மடிப்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும். லேபிள் கோணாமல் ஒட்டியிருக்க வேண்டும். பெயர், வகுப்பு, பாடம் மூன்றையும் மையால் எழுதியிருக்க வேண்டும். கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டால் தாய்மார்கள் முதலில் பிரவுன் ஷீட் வாங்கிக்கொண்டு அப்புறம்தான் வணக்கம் சொல்வார்கள் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். கேலிதான், ஆனாலும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த கூத்துக்கு இந்தப் பெருமைதான் காரணம்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அவளுடைய வகுப்பாசிரியை என்னை வரச் சொல்லி ஆள் விட்டார். என்னைவிட ரொம்ப இளையவர். தமிழ் டீச்சரிடம் தமிழைப் பற்றிப் பேச வேண்டிய சங்கடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எழுத்து அத்தனையும் அவளுக்குத் தெரியுது. தனித்தனியாக் கேட்டா டக்கு டக்குன்னு சொல்லுதா. சேத்து ஒரு வரி வாசின்னு சொன்னா வாயே தொறக்க மாட்டேங்கா. அதான் சன்னல் ஓரத்து வரிசையில உக்கார வச்சிருக்கேன்."

சன்னல் ஓரத்து வரிசை என்றால் என்னவென்று ஓர் ஆசிரியைக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லாப் பள்ளியிலும் படிப்பில் பின்தங்கியவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இருக்கிறது. பெயர் மட்டும்தான் வேறு. அதில் உட்காரும் பிள்ளைகளுக்கும் அது என்ன வரிசை என்று முதல் நாளே தெரிந்துவிடும். நான் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன். அந்தப் பெண் மேல் கோபம் வந்தது. அவர் செய்ததில் தப்பே இல்லை என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

அன்று சாயங்காலம் வண்ணார்பேட்டையில் பேருந்துக்கு நிற்கும்போது மகளிடம் கேட்டேன். அதட்டாமல்தான் கேட்டேன்.

"வகுப்புல வாசிக்கச் சொன்னா ஏம்மா பேசாம இருக்க?"

"எனக்கு வாசிக்க வராதும்மா."

"ஏன் வராது?"

"நான் மக்குல்லா. அதான்."

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு, வருகிற பேருந்தை எட்டிப் பார்த்தாள். அழவில்லை, சிணுங்கவில்லை. எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது போலச் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது. அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யலாம். ஏழு வயதில் தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு அமைதியாக நிற்கிற பிள்ளையை என்ன செய்வது? அது ஊறிவிட்டால் பிறகு எந்த டீச்சராலும் மாற்ற முடியாது. ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஊறிப்போய் வருகிற பிள்ளைகளை வருடா வருடம் நான் பார்க்கிறேன். அவர்களில் ஒருத்தியாக என் மகளையும் நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் கலங்கி உட்காருகிற ஆள் இல்லை நான். பிள்ளை வாசிக்கவில்லை என்றால் சரியான புத்தகம் கையில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். புத்தகம் தேர்ந்தெடுப்பது என் தொழில். அடுத்த சனிக்கிழமையே எங்கள் பக்கத்துப் புத்தகக் கடைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கடை அண்ணாச்சிக்கு என்னை நன்றாகத் தெரியும். என் கைப்பையில் சிவப்புப் பேனா இருப்பதும் தெரியும். சிறுவர் நூல் ஒன்றில் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்து அங்கேயே நின்று சுழித்துக் காட்டிய ஆள் நான். மூன்று சோதனை வைத்துத்தான் புத்தகம் எடுப்பேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். பிழை இருக்கக் கூடாது. கதை முடிவில் பிள்ளை எடுத்துக்கொள்ள ஒரு நல்ல கருத்து இருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் தேறியவை நாற்பது. நேர்மையான விறகுவெட்டி, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட நரி, பகிர்ந்து உண்ட அணில் என்று எல்லாரும் திருந்தி வாழ்கிற புத்தகங்கள்.

அண்ணாச்சி கட்டுப் போடும்போது மேலே ஒன்றை வைத்தார். அட்டையில் கழுத்தளவு தண்ணீரில் ஓர் எருமை. முதல் இரண்டு பக்கம் புரட்டினேன். பக்கத்துக்கு மூன்று, நாலு வார்த்தைதான். கடைசிப் பக்கத்தில் நீதியைத் தேடினேன், எழுத்தே இல்லை. படத்தைக் கவனிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"எரும இருக்கு டீச்சர்."

"அது தெரியுது. பிள்ள இதுலருந்து என்ன கத்துக்கிடும்?"

அவர் நூலை முடிச்சுப் போட்டபடி கேட்டார். "ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டியளே. இது பிள்ளைக்கு வாங்குதியளா, உங்களுக்கு வாங்குதியளா?"

சுள்ளென்று வந்தது எனக்கு. முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "சரி, கொண்டு போங்க. பிள்ள வேண்டாம்னு சொன்னா திருப்பித் தந்துருங்க, நான் வாங்கிக்கிடுதேன்." கட்டோடு அதுவும் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். மகள் பள்ளிக்குப் போனதும் பிரவுன் ஷீட் சுருளைக் கூடத்தில் உருட்டிவிட்டு உட்கார்ந்தேன். அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்து அலமாரியில் அடுக்கிவைத்து அசத்த வேண்டும் என்று ஆசை. நாற்பத்தொரு புத்தகத்துக்கும் உறை போட்டேன். எருமைக்கும் சேர்த்துத்தான். லேபிள் ஒட்டி, பெயர் எழுதி, வகுப்பு எழுதி, பாடம் என்ற இடத்தில் 'கதை' என்று எழுதினேன். நாற்பத்தொரு தடவை எழுதினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அலமாரியைத் தள்ளி நின்று பார்த்தபோது வரிசையாக, சீராக, ஒரு மடிப்பு பிசகாமல் நின்றன. எனக்குக் கண் நிறைந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். அலமாரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"இவ்வளவும் நான் படிக்கணுமாம்மா?"

"ஆமா, அத்தனையும் உனக்குத்தான்."

மலைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மலைத்துத்தான் போயிருந்தாள், வேறு மாதிரி.

ஒரு மாதத்துக்கு மேல் அவள் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. தினமும் ஒன்றை நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு உதட்டை இறுக மூடி உட்கார்ந்திருப்பாள். நான் எழுத்துக்கூட்டச் சொல்வேன். கூட்டுவாள். சேர்த்துச் சொல் என்பேன். கண் நிறைந்துவிடும். நான் மூடிவைத்துவிடுவேன். விறகுவெட்டியை மாற்றி நரி, நரியை மாற்றி அணில். தேர்வில்தான் ஏதோ பிசகு என்று மறுபடியும் கடைக்குப் போக நினைத்தேன். எருமையை மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. என் லேபிள் ஒட்டியிருந்ததே.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. மொட்டை மாடியில் எங்கேயோ விரிசல். காலையில் காபி போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறேன், கூடத்துச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி அலமாரிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

"ஏங்க, புஸ்தகம் பூரா நனையுது" என்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் ஓடி வந்தார். அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து நிதானம் பழகியவர். ஒரு நொடி பார்த்தார், பாதியை அள்ளினார், உள்ளே போய்ப் பத்தமடைப் பாயைக் கொண்டுவந்து விரித்தார். விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற பாய்.

"அந்தப் பாயா கெடச்சுது உங்களுக்கு?"

"பாய் காஞ்சிரும். நீ மேல உள்ள தாளப் பையப் பைய உரி. உள்ள ஈரம் எறங்காம."

பிரவுன் ஷீட் தண்ணீரை முழுக்கக் குடித்து ஊறிப்போய் இருந்தது. உள்ளே புத்தகம் கிட்டத்தட்ட நனையவே இல்லை. இதை நான் பின்னால் பல பேரிடம் வாதமாக வைத்திருக்கிறேன்: உறை போட்டிருந்ததால்தான் புத்தகம் பிழைத்தது. இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தக் காலையில் ஒவ்வொன்றாக உரித்தபோது மை கரைந்து என் எழுத்தெல்லாம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு முழு நாள் வேலை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உரித்து உரித்துக் கொடுத்தேன். அவர் அட்டை மேலே தெரிகிற மாதிரி பாயில் பரப்பி, மின்விசிறியைச் சுழலவிட்டார்.

மகள் தூங்கி எழுந்து வந்தாள். பாயின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கூடம் முழுவதும் நரியும் யானையும் மரமும் ராஜாவும் மல்லாந்து கிடந்தார்கள்.

"இதெல்லாம் யாரு புஸ்தகம்மா?"

"யாரு புஸ்தகமா? உன் புஸ்தகந்தான். அலமாரில இருந்ததுதான்."

"அதுவா?" என்றாள். "அது பாடம்லா?"

நான் கையிலிருந்த ஈரத்தாளைப் பார்த்தேன்: பாடப் புத்தகத்துக்குப் போடுகிற அதே பிரவுன் ஷீட், அதே லேபிள். என்ன சொல்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணாச்சி முன்னால் நின்று மூன்று சோதனை வைத்துத் தேர்ந்தெடுத்தவள் நான். ஆனால் என் மகள் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வழியும் வைக்கவில்லை. நாற்பத்தொரு பாடப் புத்தகத்தை அவள் முன்னால் அடுக்கிவைத்துவிட்டு, ஏன் ஆசைப்படவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கால் விரலை ஊன்றி ஊன்றிப் புத்தகங்களுக்கு நடுவே நடந்தாள். ஓரிடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"யம்மா, இந்த எரும ஏன் சிரிக்கு?"

வேறு நாளாக இருந்தால், வாசித்துப் பார், தெரியும் என்றிருப்பேன். டீச்சர் வாய்க்கு வருகிற பதில் அதுதான். அன்றைக்கு இருந்த எரிச்சலில் உண்மை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது. நான் அத முழுசா வாசிக்கல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீயே வாசிக்கலியா?"

"இல்ல."

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று வீட்டில் இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எருமை ஆற்றில் இறங்கியது. அம்மா கூப்பிட்டாள். எருமை ஏறவில்லை. அப்பா கூப்பிட்டார். எருமை ஏறவில்லை. இவ்வளவுதான் ஒவ்வொரு பக்கமும். 'ஏறவில்லை' முதல் தடவை வந்தபோது எழுத்து எழுத்தாகத் தடவினாள். இரண்டாம் தடவை பாதியில் பிடித்துவிட்டாள். மூன்றாம் தடவை விரல் போவதற்கு முன்னாலேயே வாய் போயிற்று. இடையில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னாள். திருத்த என் நாக்கு துடித்தது. என் கணவர் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பத்து வருட இல்லறத்தில் அவர் பார்த்த அதிசயங்களில் அதுவும் ஒன்று.

கடைசிப் பக்கத்தில் எழுத்தில்லை. தண்ணீருக்கு அடியில் எருமையின் வயிறு, அதைச் சுற்றிக் குட்டி மீன்கள். நம் ஆற்றில் காலை வைத்தால் கொத்துமே, அந்த மீன்கள்தான்.

"யம்மா, மீனு வயித்துல கிச்சு கிச்சு மூட்டுது. அதான் சிரிக்கு. அதான் ஏற மாட்டேங்கு." என்னிடம் ஓடி வந்து காட்டினாள். "கூப்பிடுதவங்க யாருக்கும் தெரியல, பாத்தியா? எனக்குத்தான் தெரியும்."

பேருந்து நிறுத்தத்தில் சொன்ன அதே வார்த்தை. எனக்கே தெரியும் என்றவள் எனக்குத்தான் தெரியும் என்கிறாள். ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அழுதேன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது நான் வாங்கிய விறகுவெட்டிக் கதை மாதிரி ஆகிவிடும். அந்த எருமையையே பதினைந்து நாள் வாசித்தாள். முக்கால்வாசி மனப்பாடம். மனப்பாடம் வாசிப்பாகுமா என்று எனக்குள் இருந்த டீச்சர் முணுமுணுத்தாள். ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அதே மாதிரி வரி திரும்பத் திரும்ப வருகிற வேறு புத்தகம் இருக்கிறதா என்று அவளே கேட்டாள். அண்ணாச்சியிடம் நேரில் அழைத்துப் போனேன். சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அவர் ஒரு முக்காலியைப் போட்டு, கீழ்த்தட்டுப் புத்தகங்களை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி பரப்பிவைத்தார். அரைமணி நேரம் ஆகட்டும், ஒரு மணி நேரம் ஆகட்டும், நான் வெளியே நின்றுகொண்டேன். சன்னல் ஓரத்து வரிசையிலிருந்து அவள் எழுந்து வரப் பொங்கல் தாண்டிவிட்டது.

இப்போது எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து புத்தகம் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தயங்காமல் சொல்கிறேன். முதல் புத்தகத்தில் வரி குறைவாக இருக்கட்டும். ஒரே வரி நாலு தடவை வந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும். பாதிக் கதையைப் படம் சொல்லட்டும். பனி பெய்கிற ஊர்க் கதை நம் பிள்ளைக்குப் புரியாது என்பார்கள். அதெல்லாம் புரியும், ஆனால் முதல் புத்தகத்தில் வருகிற பொருள் அதன் வாயில் ஏற்கெனவே புழங்குகிற பொருளாக இருப்பது நல்லது. நீதி வேண்டுமென்றால் நீங்கள் நல்லபடியாக நடந்து காட்டுங்கள். வாங்குகிறவர் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு வாங்க வேண்டும், வாசித்ததைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. கதைப் புத்தகத்துக்கு உறை போடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் பிரவுன் ஷீட்டைப் பிடுங்கிவைத்துவிடுகிறேன். பாடப் புத்தகத்துக்கு மட்டும் என் சட்டம் இன்றும் அப்படியேதான், அதில் பேச்சே இல்லை.

பேச்சே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன ஜூனில் வழக்கம்போல உறை போட்டுக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து ஒவ்வொரு உறையின் மேலும், உள்ளே மறைந்துபோன அட்டைப் படத்தை நினைவிலிருந்து அப்படியே மெழுகுக் குச்சியால் வரைந்துவிட்டாள். தமிழின் மேல் ஒரு மயில், கணக்கின் மேல் ஒரு தராசு. நான் பார்த்துவிட்டு அப்படியே பைக்குள் அடுக்கிவைத்தேன். மறுநாள் டைரியில் புது வகுப்பாசிரியையின் குறிப்பு வந்தது. உறையில் படம் வரையக் கூடாது, புது உறை போட்டு அனுப்பவும் என்று இருந்தது.

அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவர் பிள்ளைகளின் டைரியில் எத்தனையோ தடவை நானே எழுதியிருக்கிறேன்.

காலை அவசரத்தில் சமையல் மேடை மேல் டைரியை வைத்துப் பதில் எழுதினேன். "வணக்கம். உறை போட்டது நான். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரிவதற்காக அவள் வரைந்திருக்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்தைப் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டுச் சோற்றை டப்பாவில் அடைக்கத் திரும்பினேன்.

வாசலில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக நின்று, நான் எழுதியதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை. முதல் வரியைத் தாண்டி, இரண்டாவதில் நின்று, ஒரு வார்த்தையைத் திரும்பக் கூட்டி, கடைசிவரை போய்ச் சேர்ந்தாள்.

"அப்போ படத்த அழிக்க வேண்டாம்லா?"

"வேண்டாம்."

டைரியைப் பைக்குள் வைத்தாள். உட்கார்ந்து மற்ற ஷூவை மாட்டினாள். நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு வாசிக்க வருதும்மா. உன் கையெழுத்துதான் மோசமா இருக்கு."